காவல்காரன் சொன்ன பதில்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிறிஸ்டோபருக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடை. ஆனால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு அவரைக் கதைக்காரராகத்தான் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழா, சர்ச் திருவிழா, பட்டுக்கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். சொல்வதெல்லாம் ஒரு ராஜாவையும் அவருடைய விகட மந்திரியையும் பற்றிய கதைகள். அதில் நன்றாக எடுபட்டது காவல்காரன் கதை.

கோட்டை வாசலில் காவல்காரன் தூங்குகிறான். மந்திரி மெல்ல வந்து அவன் கையிலிருந்த வேல்கம்பை உருவிவிட்டு முருங்கைக்காயைச் சொருகிவிட்டுப் போகிறார். காலையில் ராஜா, "வேல் எங்கே?" என்று கேட்க, அவன் "ரா... ரா... ராஜா, வே... வே..." என்று திக்குகிறான். "தேட வேண்டாம் மகாராஜா, அவன் தொண்டையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறார் மந்திரி.

அந்தத் திக்கல் கிறிஸ்டோபரின் கற்பனை இல்லை. ஊரை ஒட்டிய ஓரிக்கையில் அவர் தெருவிலேயே இருந்த அப்பாதுரையுடையது. அப்பாதுரை ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளிக்கூடத்து மேடையில் கிறிஸ்டோபர் இந்தக் கதையைச் சொன்னபோது, பிள்ளைகள் எல்லோரும் கேட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே நின்றுகொண்டிருந்த அப்பாதுரையும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து, "வேல் மாட்டிக்கிச்சா?" என்று கேட்காமல் ஒரு பிள்ளையும் கேட்டைத் தாண்டவில்லை. நான்கு மாதம் பொறுத்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, மனைவி அன்னம்மாளோடு அவளுடைய ஊரான தென்னேரிக்குப் போய்விட்டார். போன ஆவணியில் காமாலையில் இறந்துபோனார். கிறிஸ்டோபருக்குச் சேதி வந்தது. கடையில் ஆர்டர் இருந்தது என்று போகவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் இந்தக் கதையைச் சொன்னார். "ரா..." என்று தொடங்கியதும் நாக்கு நின்றுவிட்டது. அவர் வேண்டுமென்று திக்கவில்லை, திக்கல் தானாக வந்தது. கழுத்து நரம்பு இழுத்தது, இடது கண் சுருங்கியது. அப்பாதுரைக்கு அப்படித்தான் சுருங்கும். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கிறிஸ்டோபருக்கு மூச்சு முட்டியது. நிறுத்த நினைத்தும் முடியவில்லை.

அடுத்த இரண்டு இடத்திலும் அப்படியே நடந்தது. காவல்காரன் பேசும் இடம் வந்தால் வாய் அவருடையதாக இல்லை. மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் தென்னேரிக்குப் பஸ் ஏறினார். அன்னம்மாள் ஏரிக்கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் கிறிஸ்டோபர்.

"அவரு உங்க மேல கோவப்படலபா. அந்தக் கதைய இங்க தெருப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கினு இருப்பாரு. கதை சொல்றப்போ அவருக்குத் திக்காது, தெரியுமா?"

கிறிஸ்டோபருக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே தெருவில் இருந்தும் தெரியாது.

"ஆனா உங்க கதையில காவல்காரன் பதிலே சொல்ல மாட்டேங்குறான்னு சொல்வாரு. அவரு சொல்றப்போ அவன் சொல்வான்."

"என்னன்னு?"

அன்னம்மாள் ஈரத்துணியை உதறிக்கொண்டே சொன்னாள்.

அப்பாதுரை வாட்ச்மேனாக இருந்த பள்ளிக்கூடத்தில் கிறிஸ்டோபர் தானாகவே போய்க் கேட்டு ஒரு மத்தியானம் கதை சொன்னார். அன்னம்மாளையும் வரச் சொல்லியிருந்தார். மந்திரி கிண்டல் செய்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் அடங்கும்வரை பொறுத்திருந்து, காவல்காரனைப் பேச விட்டார்.

"நான் தூங்கல ராஜா. காலடிச் சத்தம் கேட்டுது. வர்றது மந்திரின்னு தெரிஞ்சுது. நம்ம ஆளுதானேன்னு கண்ண மூடிக்கினேன்."

ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. ஆனால் குரல் கிறிஸ்டோபருடையது இல்லை. கரகரத்த, வெற்றிலை போட்டுத் தடித்த அப்பாதுரையின் குரல். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கொண்டு மந்திரிக்கு என்ன பேச்சு கொடுப்பதென்று தெரியாமல், கதையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

படிக்கட்டுக்குக் கீழே அன்னம்மாள் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இன்னொரு தபா சொல்லுபா" என்றாள்.

"நான் தூங்கல ராஜா" என்றார். அவருடைய குரல்தான் வந்தது. கண்ணை மூடி மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். அவருடைய குரல்தான்.

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிபா, மூணரை பஸ்ஸைப் புடிக்கணும்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.