பிரின்ஸின் பளபளப்பு

ஓவேலிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் மேனேஜர் ஆறுமுகசாமி பாலை விட்டார், தயிரை விட்டார், முட்டையை விட்டார், கடைசியில் தேனையும் விட்டார். பேச்சை மட்டும் விடவில்லை. முன்பெல்லாம் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்து, கொழுந்து சரியில்லை என்று நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது மழையிலும் பனியிலும் எல்லோரையும் நிற்க வைத்துத் தன் உடம்பைப் பற்றிப் பேசினார்.

"சுகர் எறங்கிருச்சுங்க. பிரஷர் எறங்கிருச்சு. முட்டி வலி போன எடமே தெரியலீங்க. எல்லாம் வீகன்! செடியில வர்றதை மட்டும் சாப்பிட்டுப் பாருங்க, ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்லை."

இதில் பொய் ஒன்றும் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே குணமாகியிருந்தது. பாதாம் பால், சோயா பன்னீர், வெண்ணெய்ப் பழம், கோயமுத்தூரிலிருந்து தவறாமல் வரும் சத்து மாத்திரை என்று பார்த்துப் பார்த்துத் தின்றால் யாருக்குத்தான் குணமாகாது? கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையில் நின்ற ராக்கம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாசக் கடைசியில் அவள் குடியிருந்த லயத்தில் பாதி வீடு வீகன்தான். பழைய சோறு, பச்சை மிளகாய், பால் ஊற்றாத சாயத் தண்ணி. ஆஸ்பத்திரிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

தன்னோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மனுஷன் பங்களா நாய் பிரின்ஸையும் வீகனாக்கிவிட்டார். தினமும் பரங்கிக்காய் பிசைந்த சோறு. கன்றுக்குட்டி மாதிரி இருந்த நாய், விலா எலும்பு தெரிய லயத்துப் பக்கம் தள்ளாடிக்கொண்டு வந்தது. ராக்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கருவாட்டுத் தலையைப் போட்டாள். மறுநாளும் அது அவள் வாசலில்தான் நின்றது. பிறகு நெத்திலி, ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு என்று பழகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளும் தங்கள் பங்குக்குப் போட்டன. சீக்கிரமே பிரின்ஸின் முடி எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

மேனேஜர் அதைப் பார்த்தார். வந்தது வினை.

"நாயே செடி கொடி தின்னு எப்படிப் பளபளன்னு இருக்குது பாருங்க! நாய்க்கு ஆகுறது கொழந்தைக்கு ஆகாதுங்களா?"

அன்றே பிள்ளைக்காம்பராவில் பாலும் முட்டையும் நின்றன. பெண்கள் கொழுந்தெடுக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ராக்கம்மாவின் இரண்டு வயசு மகளும் அங்கேதான் இருந்தாள். இனி காலையில் கீரைச் சாறு, மத்தியானம் நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி. பாதாம் பால் பங்களாவை விட்டு இறங்கவில்லை.

"சாறைப் புள்ளைக துப்புதுக ராக்கு. உம்மக பாலு பாலுன்னு அழுது சுருண்டு படுத்துட்டா" என்றாள் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கருப்பம்மாள்.

நாய்க்குப் பாவம் பார்த்துத் தன் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று ராக்கம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். நேரே போய் உண்மையைச் சொல்லலாம் என்றால் புருஷன் சுடலைமுத்து தடுத்தான்.

"தொரை நாய்க்குக் கருவாடு போட்டேன்னு அவருகிட்டயே சொல்லப் போறியா? நீ டெம்பரவரி. பேரை வெட்டிட்டா என்ன பண்ணுவ?"

நாய்க்குப் போடுவதை நிறுத்திப் பார்த்தாள். பிரின்ஸ் அடுத்த வீட்டில் தின்றுவிட்டு, இவள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. பளபளப்பு குறையவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் ஆரோக்கிய முகாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வீகன் உணவைப் பற்றிப் பேச டாக்டர் உஷா என்று ஒருவர் வந்திருந்தார். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்ள வசதியாகக் கூடையோடு நிற்கும்படி ராக்கம்மாவுக்கு உத்தரவு. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். இடுப்பில் ஒரு நெத்திலிப் பொட்டலத்தையும் செருகிக்கொண்டாள். மத்தியானச் சோற்றுக்கு என்று புருஷனிடம் சொன்னாள்.

புல்தரையில் மேனேஜர் தன் முட்டியைப் பற்றிச் சொல்லி முடித்து, பிரின்ஸைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "இதுதானுங்க சாட்சி. முழு வீகன்."

சாட்சி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஒரே பாய்ச்சலில் ராக்கம்மா மேல் காலைப் போட்டு, பொட்டலத்தை உருவிக் கிழித்து, சிதறிய நெத்திலியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, யாரைக் கேட்டு இதுக்குக் கருவாடு போட்டே?"

ராக்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"யாரையும் கேக்கலீங்க தொரை. பசிச்சு வந்துச்சு, போட்டேன். நாங்க போட்ட கருவாட்டுலதான் மின்னுது. அதைப் பாத்துப் புள்ளைக பாலை நிறுத்திட்டீங்க. ஒரு நாய்க்குப் போடலாமுங்க. காம்பராவுல இருக்கற எல்லாப் புள்ளைகளுக்கும் போட எங்ககிட்டக் கருவாடு இல்லீங்களே!"

சிரிப்பு நின்றது. டாக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சின்னக் குழந்தைங்களுக்கா சார் நிறுத்தினீங்க? பாலை நிறுத்தினா பதிலுக்குப் பருப்பு, சோயா, மாத்திரைன்னு எல்லாம் சரியா கொடுக்கணும். உங்களுக்கு அப்படித்தானே எழுதிக் கொடுத்தேன்? நீங்க என்ன கொடுக்கறீங்க?"

"கீரைச் சாறுங்க" என்றார் மேனேஜர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

திங்கட்கிழமை காம்பராவுக்குப் பால் வந்தது, முட்டையும் வந்தது. ராக்கம்மாவின் பேரை வெட்டவில்லை. அட்டை மொய்க்கும் மேல்மலைக்கு அவளை மாற்றினார்கள், அவ்வளவுதான். அவள் காம்பரா வழியாகவே ஏறிப் போனாள். மகள் மேலுதட்டில் பால் நுரையோடு அவளைப் பார்த்துக் கையாட்டினாள். அட்டை கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும்.

பிரின்ஸைச் சங்கிலியில் கட்டி, மறுபடியும் பரங்கிக்காய்ச் சோறு வைத்தார்கள். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் வழி பங்களா வேலியை ஒட்டித்தான் போகிறது. ராக்கம்மா தினமும் ஒரு பிடி நெத்திலியை உள்ளே எறிந்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் நாயின் முடி மறுபடி மின்ன ஆரம்பித்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். ஆனால் பெரட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.