மாட்டு மியூசிக்

மகள் சினேகா சென்னையிலிருந்து அனுப்பிய வீடியோவைச் சபாபதி முதலில் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். பழைய கேசட் ஒன்றிலிருந்து எடுத்த பாட்டு. கூடவே மங்கிப்போன ஒரு போட்டோ. ஒல்லி டை கட்டிய நாலு பையன்கள் லாம்பி ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நிற்கிறார்கள், நடுவில் சபாபதியின் பழைய போட்டியாளன் அன்புமணி. ‘சிதம்பரத்தின் மறந்துபோன மாட் பேண்ட், நார்த் கேட், 1982’ என்று கீழே எழுதியிருந்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் அந்த மாதிரிப் பாட்டை முதலில் கேட்டவர் சபாபதிதான். அவருடைய மாமா சுப்புராயன் கப்பலில் வேலை பார்த்தார். லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் கேசட் கொண்டுவருவார். அறுபதுகளின் ‘மாட்’ மோஸ்தரைத் தூசி தட்டி எடுத்து, ஒட்டிய கோட்டும் ஒல்லி டையுமாக, கண்ணாடிகள் பதித்த ஸ்கூட்டரில் அங்கே பையன்கள் சுற்றிய நேரம் அது. மாமா வாங்கியதெல்லாம் நடைபாதையில் மலிவாகக் கிடைத்தவை. அந்தக் குழுக்களின் பெயர் அவர்கள் ஊரிலேயே யாருக்கும் தெரிந்திருக்காது. சபாபதிக்கு அவைதான் உயிர். தோழர்களைச் சேர்த்து ‘ஹார்பர் பாய்ஸ்’ ஆரம்பித்தார், தன் ஸ்கூட்டரிலும் கண்ணாடிகள் பதித்தார், தமிழில் வேகமான கிடார் பாட்டுகள் எழுதினார். ‘மாட்’ என்ற சொல் ஊர் வாயில் நுழைந்து ‘மாட்டு மியூசிக்’ ஆனது. ஆறே மாதத்தில் சிதம்பரத்தில் அன்புமணியும் டை கட்டிக்கொண்டான்.

பிறகு ஆளாளுக்கு வேலை கிடைத்தது. சபாபதி மின்வாரியத்துக்குப் போனார். இரண்டு குழுக்களும் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தன. “நார்த் கேட்டா? அரைகுறைங்க. நம்மளப் பாத்து காப்பியடிச்சவனுங்க” என்று அன்றிலிருந்து அவர் சொல்லாத ஆள் இல்லை.

இப்போது அந்த அரைகுறைப் பாட்டு போனில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்ததும் ஒரு பெண்குரல் எழுந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் கிடாரைக் கீழே தள்ளிவிட்டு மேலே வந்து நின்றது. சபாபதி போனைக் காதோடு வைத்துக்கொண்டார். அந்தக் குரலை அவர் தினமும் கேட்கிறார். அரிசி களையும்போது முனகும், துணி மடிக்கும்போது முனகும்.

“சுந்தரி, இங்க வா. இது யாரு?”

குணசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டாள். முகம் சிவந்துபோயிற்று.

“நாந்தான். அட, அந்த கேசட்டு இன்னும் இருக்கா?”

“நீ அன்புமணி குரூப்புல பாடுனியா? ஏன் எங்கிட்ட சொல்லவேயில்ல?”

“கல்யாணமான மறுநாளே அரைகுறைங்கன்னு திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. அதுல நானும் ஒருத்தின்னு எப்புடி சொல்றது?”

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார். ‘யார் அந்தப் பெண்?’, ‘அந்தக் குரலுக்காகவே கேட்கிறேன்.’ ஒருவராவது கடலூர் என்று எழுதவில்லை. வாழ்க்கை முழுக்கத் தன்னைப் பாட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டவர் அவர். கடைசியில் இரண்டு லட்சம் பேர் தேடுவது சமையல்கட்டில் நின்றவளை. அவருக்கு நெஞ்சு காந்தியது. அவளும் அன்புமணியும் ஒரே மைக்கில் பாடியிருப்பார்களோ என்ற நினைப்பு வேறு.

இரண்டு நாள் கழித்து, சினேகா மூலம் விஷயம் தெரிந்து, அரவிந்தன் என்ற ஒருவர் போனில் பேசினார். மறந்துபோன பேண்டுகளைத் தேடித் திரட்டுபவர், வீடியோ போட்டவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நார்த் கேட்டை நினைவுகூரும் கூட்டம், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்றார். சபாபதி தொண்டையைச் செருமினார்.

“தம்பி, ஹார்பர் பாய்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“இல்லீங்களே. ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா சார்?”

“ரெக்கார்ட் பண்ணல.”

“அப்ப கஷ்டம் சார்” என்று அரவிந்தன் வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குணசுந்தரி நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். “நான் வரல” என்றார் சபாபதி. அவள் கெஞ்சவில்லை. “சாம்பார் அடுப்புமேல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டாள். அவர் சற்றுநேரம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்தார். மேடையில் அன்புமணி தலை முழுக்க வழுக்கையாகி, ஆனாலும் ஒல்லி டை கட்டி, கிடாரோடு இருந்தார். “குணா, வா வா” என்று கூப்பிட்டார். சபாபதிக்கு உள்ளே சுருக்கென்றது. அவர் ஒருநாளும் அவளைக் குணா என்று கூப்பிட்டதில்லை.

அவள் பாடினாள். இரண்டாம் சரணத்தில் குரல் ஒரு இடத்தில் பிசகியது. சபாபதிக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்து உடனே கூசினார். கூட்டம் எழுந்து கைதட்டியபோது அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

“அந்தக் காலத்துல வேற பேண்ட் ஏதாவது இருந்துச்சாம்மா?” என்று அரவிந்தன் மைக்கில் கேட்டார்.

“இருந்துச்சே, கடலூர்ல ஹார்பர் பாய்ஸ்” என்றாள் குணசுந்தரி. “எங்களவிட நல்லா வாசிப்பாங்க. அன்பு கோச்சுக்கக் கூடாது, இப்ப சொல்லிடுறேன். அவுங்க தேவனாம்பட்டினத்துல வாசிக்கறப்ப, புதுப் பாட்டு என்னன்னு கேட்டுட்டு வான்னு என்னைத்தான் அனுப்புனீங்க.”

அன்புமணி சிரித்தார். “ஆமா. நீ வந்து, ஒண்ணும் சரியில்ல, கூச்சல்தான்னு சொன்ன.”

“பொய். அங்க ஒரு பாட்டு அப்புடியே மனசுல ஒட்டிக்கிச்சு. சொன்னா நீங்க எடுத்துப் பாடிடுவீங்கன்னு சொல்லல.”

“அடிப்பாவி!” என்றார் அன்புமணி. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மைக்கைத் தட்டித் தாளம் பிடித்துப் பாடத் தொடங்கினாள். ‘பாலந் தாண்டிப் போறவளே, பாத்துப்புட்டுப் போயேன்டி…’

சபாபதி எழுதிய பாட்டு அது. மூன்றாவது வரி அவருக்கே மறந்திருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. தினமும் அரிசி களையும்போது முனகியது இதைத்தானா? அவர் தன்னையறியாமல் எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தவள் நேராக அவரைப் பார்த்தாள். “எழுதுனவரு அங்க நிக்கிறாரு” என்றாள்.

கூட்டம் கலைந்ததும் அன்புமணி அவரிடம் வந்தார். “உங்க ஸ்கூட்டர் கண்ணாடிங்கள நெனச்சு எத்தன நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? இப்ப இந்தப் பாட்டு வேற. எங்க கையில கெடச்சிருந்தா இன்னிக்கு அதுதான் வீடியோ” என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. சபாபதிக்கு அந்த மனிதரை முதல்முறையாகப் பிடித்துப்போனது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் குணசுந்தரி உட்கார்ந்திருந்தாள்.

“பொண்ணு கேட்டு வந்தப்ப, நாந்தான் அந்தப் பாட்டுக்காரன்னு தெரியுமா ஒனக்கு?”

“பேரக் கேட்டுட்டுத்தானே சரின்னேன்.”

சபாபதி டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “இருந்தாலும் அவன் எதுக்கு ஒன்னக் குணான்னு கூப்புடுறான்?”

அவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “பொறாமையா?”

“ஆமா” என்றார் சபாபதி.

அடுத்த வாரம் அரவிந்தன் மண்டபத்தில் அவள் பாடிய அந்தப் பாட்டையும் போட்டார். ‘ஹார்பர் பாய்ஸ், கடலூர், பாடல்: சபாபதி’ என்று தெளிவாக எழுதியிருந்தார். கருத்துகள் குவிந்தன. ‘என்ன குரல்!’, ‘அம்மா இன்னும் பாடணும்.’ பாட்டு எழுதியவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபாபதி கடைசிவரை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு பரணில் கிடந்த கிடாரை இறக்கி, அதற்குக் கம்பி மாற்ற எங்கே போகலாம் என்று குணசுந்தரியிடம் கேட்டார்.