இரண்டு முட்டைக் கோப்பை ஜின்

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்த அட்டை ஒட்டியிருந்தது. அவன் மனைவியின் கையெழுத்து. ஜின் இரண்டு, எலுமிச்சைச் சாறு ஒன்று, சீனிப்பாகு அரை, ஐஸ் நிறைய, மேலே சோடா. அளவெல்லாம் முட்டைக் கோப்பையால். அவித்த முட்டையை நிறுத்தி வைக்கிற அந்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் இந்த வீட்டில் ஒரு நாளும் முட்டை உட்கார்ந்ததில்லை.

அட்டையில் இருந்தது அவ்வளவுதான். ஆனாலும் நான்கு சனிக்கிழமைகளாக அவனுக்குக் கைகூடவில்லை.

அவள் இருந்தவரை சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு உயரமான கிளாஸ். எலுமிச்சை பிழிவது அவன் வேலை. பிழிந்து கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கலப்பது அவள் வேலை, அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. கிளாஸைக் கையில் கொடுத்ததும், "ம், திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லு" என்பாள். அவன் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். வாயைத் திறந்து பேசுகிற ரகமில்லை. அந்த கிளாஸ் கையில் இருந்தால் மட்டும் மேலாளரின் புது விக்கில் தொடங்கி, லாரிக்காரர் தவறாக இறக்கிவிட்டுப் போன பெட்டி வரை ஒன்று விடாமல் சொல்வான். மூன்று கிளாஸ் உள்ளே போனாலும் நாக்குக் குழறாது, கால் தள்ளாடாது. "எனக்கு மூணு ரவுண்டெல்லாம் தண்ணி மாதிரி" என்று ஆபீஸில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நான்கே நாள் காய்ச்சலில் அவள் போய்ப் பதினான்கு வாரம் ஆகிவிட்டது. முதல் பத்து வாரம் அவன் பாட்டிலைத் தொடவில்லை. யாரிடமும் பேசவுமில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை, அதோடு சரி. பிறகு ஒரு சனிக்கிழமை அட்டையைப் பார்த்துக் கலந்தான். வாயில் வைத்ததும் மூக்கு எரிந்தது. அரை கிளாஸுக்குள் கண் சொருகிவிட்டது. அடுத்த வாரம் பாகைக் கூட்டினான். அதற்கடுத்த வாரம் வேறு கடையில் எலுமிச்சை வாங்கினான். போன வாரம் சோடாவை மாற்றினான். ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல், அதே தூக்கம். அந்த ருசி வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. வந்தது பயம்தான். அவள் முகம் நினைவிருக்கிறது, குரல் நினைவிருக்கிறது. நாக்கு மட்டும் அவளை மறந்துவிட்டதோ?

இந்தச் சனிக்கிழமை நான்கரை மணிக்கே அழைப்பு மணி அடித்தது. மனைவியின் அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், வெளியிலும் அந்த உத்தியோகத்தை விடாதவள்.

"போன வாரம் ஒன்பது தடவை போன் அடிச்சேன் தம்பி. பத்தாவதா போலீசுக்குத்தான் அடிச்சிருப்பேன்."

"தூங்கிட்டேன்க்கா."

"சாயங்காலம் ஆறு மணிக்கு. கைக்குழந்தை பாருங்க." அவள் தன் பையை விரித்து நீட்டினாள். "அந்த பாட்டிலை இதுல போடுங்க."

அவன் அசையவில்லை.

"மனசு ஆறட்டும்னு விட்டுவெச்சேன். நீங்க ஆத்திக்கிற விதம் சரியில்ல. அவளைத்தான் காப்பாத்த முடியல. நீங்களாவது மிச்சம் இருங்க."

"குடிக்கறதுக்காக இல்லக்கா." நிறுத்தினான். பல வாரங்களில் அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அடுத்து வந்தது. "அவ கலக்கற மாதிரி ஒரே ஒரு தடவை வந்துட்டா போதும், பாட்டிலை நானே உங்க பையில போட்டுடறேன்."

அக்கா பையை மடித்தாள். "சரி. என் கண் முன்னால கலந்து காட்டுங்க."

எலுமிச்சையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினான். வெட்டிப் பிழிந்தான். விதையை வடிகட்டினான். சாறு ஒன்று, பாகு அரை. ஜின்னை முட்டைக் கோப்பையின் விளிம்பு வரை ஊற்றி, ஒன்று, இரண்டு. ஐஸ். சோடாவை ஓரமாகச் சரித்து, நீளக் கரண்டியால் ஒரே ஒரு சுற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அக்கா வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

"அப்படியே இருக்கு" என்றாள்.

"இல்லக்கா. இது அது இல்ல."

"இதேதான். சின்னவ கிளாஸ்."

"நாலு வருஷம் குடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவள் அவனையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். அடக்கப் பார்த்தும் உதட்டோரம் துடித்தது. "அடப் பாவி. கடைசி வரைக்கும் அவ உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்னத்தை?"

"அட்டையில இருக்கறது அவளுக்கு உள்ள அளவு. அவளுக்கு எங்கப்பா உடம்பு, ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குப் போட்டது வேற தம்பி. உங்களுது எலுமிச்சை சோடா."

அவன் அலமாரிக் கதவைத் திறந்து அட்டையை இன்னொரு தடவை படித்தான்.

"கல்யாணமான புதுசுல ஒழுங்காத்தான் கலந்து குடுத்தா. நீங்க ஒரு ஷூவைக் கழட்டி, அதைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டீங்களாம். மறுநாள் எனக்கு போன் பண்ணி அழாத குறை. 'வாரத்துக்கு ஒரு சாயங்காலம்தான் கிடைக்குது, அதையும் தூங்கியே தீர்த்துட்டா நான் யார்கூட பேசறது'ன்னா. யோசனை குடுத்தது நான்தான்."

கிடங்கில் பத்தாயிரம் வாஷரில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவன் அவன். தன் கிளாஸில் என்ன இருக்கிறது என்று நான்கு வருடம் தெரியாமல் இருந்திருக்கிறான்.

"ஆபீஸ் பூரா சொல்லிவெச்சிருக்கேன்க்கா. மூணு ரவுண்டு அடிப்பேன்னு."

"அதையும் சொன்னா. சொல்லிட்டு அரை மணி நேரம் சிரிச்சா."

அவன் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. விக்கலோ என்று அக்கா நிமிர்ந்தாள். சிரிப்பு. பாதியில் அது வேறாகிப் போனது. அவள் பார்க்காத மாதிரி இன்னொரு எலுமிச்சையை எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

"அப்போ இந்த நாலு வாரமா நான் குடிச்சது?"

"அவ கிளாஸை."

சாறு, பாகு, ஐஸ், சோடா. அக்கா ஜின்னில் விரல் நுனியை நனைத்து கிளாஸின் விளிம்பைச் சுற்றித் தடவினாள். மேலே ஒரே ஒரு டீஸ்பூன் விட்டாள். "இதைக் கலக்கிடக் கூடாது. முதல் வாய்க்கு மூக்குல ஏறணும், அவ்வளவுதான்."

குடித்தான். முன்னால் புளிப்பு, பின்னால் இனிப்பு, எங்கோ தூரத்தில் ஜின். அதேதான். நாக்கு எதையும் மறக்கவில்லை.

சொன்னபடி பாட்டிலை இறுக மூடி அவள் பைக்குள் வைத்தான். அவள் அதை எடுத்துத் திரும்பவும் அலமாரியிலேயே வைத்தாள். "இருக்கட்டும். நீங்க குடிக்கற அளவுக்கு இது மூணு வருஷம் வரும்."

பால்கனியில் ஒரு நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அவன் அள்ளி உள்ளே போட்டுவிட்டு வந்தான். அக்கா, தங்கையின் கிளாஸோடு அதில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ம், சொல்லுங்க" என்றாள்.

"என்ன சொல்லக்கா?"

"திங்கட்கிழமையிலேர்ந்துதானே தொடங்குவீங்க?"

அவன் கிளாஸைப் பார்த்தான். "எந்தத் திங்கட்கிழமை? பதினாலு சேர்ந்துபோச்சு."

"முதல்லேர்ந்து வாங்க. ஐஸ் நிறைய இருக்கு."

இன்னொரு வாய் குடித்தான்.

"மேனேஜர் இப்பல்லாம் விக் வெச்சுக்கறதில்லக்கா" என்று ஆரம்பித்தான்.