தாய் நீட்டிய எழுத்து

தாம்பரத்துத் தொடர்வண்டிப் பாதைகளின்மேல் செம்பொன்னை உருக்கி வார்த்துவிட்டுக் கதிரவன் குன்றுகளின் பின்னே மறைய, பணி முடிந்து மீளும் மாந்தரால் கேம்ப் சாலை பெருவெள்ளமென இரைய, அவ்விரைச்சலுக்குச் சற்றே ஒதுங்கிய சேலையூர் மாதா கோயில் விளக்கேற்றி அமைதியாய் நின்றது. நூல்நயம் அறிந்த நண்பரே, அவ்வேளையில் அதன் பாடகர் மேடையில் நின்ற ஜோவிதாவின் நெஞ்சில் மட்டும் அமைதியில்லை. மறுநாள் அவள் அன்னை மறைந்து ஓராண்டு நிறைகிறது. மாதா திருநாள்தோறும் அன்னை பாடிவந்த இலத்தீன் வாழ்த்துப்பாடலை, நினைவுத் திருப்பலியில் அவள் பாடியவாறே பாடவேண்டும் என்பதே மகளின் விருப்பம்.

அன்னை பொருளறியாது பாடிய மொழியை அறிந்தால் அவளையே சற்று நெருங்கலாம் என்றெண்ணி, வேதியியல் பயின்ற ஜோவிதா அவ்வாண்டில் இலத்தீன் கற்றாள். குறிலும் நெடிலும் தமிழ்மகளுக்குப் புதியனவல்ல. சொல்லின் ஓரிடத்தில் குரலை ஊன்றும் முறையே புதிது. கடைசிக்கு முந்திய அசை குறுகினால் அழுத்தம் அதற்கும் முன்னே ஏறும். ஆகவே தலைவி எனப் பொருள்படும் ‘தொமின’ என்ற சொல்லை, முதலெழுத்தில் ஊன்றி, ஏனையவற்றை மெல்லத் தொட்டுச் செல்லப் பழகினாள். அன்னையோ ‘தொமீனா’ என நடுவெழுத்தைக் கூரைவரை நீட்டுவாள்.

ஒத்திகையில் அச்சொல்லைப் பாடியவளை அன்னையின் தோழி ஜெயசீலி கைதட்டி நிறுத்தினாள்.

“என்னடி ஜோவி, உங்கம்மா அந்த ‘மீ’யில ஏறினா பல்லாவரம் வரைக்கும் போய்ட்டுத்தான் திரும்புவா. நீ மொத ஸ்டாப்லயே எறங்கிட்டியே!”

“கரெக்டா சொன்னா அப்படித்தான் ஆன்ட்டி. நீட்டக் கூடாது.”

“யாரு இல்லேன்னது? நாளைக்கு கரெக்டா பாடப் போறியா, உங்கம்மா மாதிரி பாடப் போறியா?”

“அம்மா மாதிரிதான்.”

பாடினாள், ‘தொமின’ என்றே வந்தது. மீண்டும் பாடினாள், மீண்டும் அதுவே.

“வரமாட்டேங்குது ஆன்ட்டி,” என்றாள். “அம்மா எப்படிப் பாடுவாங்கன்னே காதுல கேக்கல.”

செவியைத் திருத்தியவள், அச்செவிக்குள் குடியிருந்த அன்னையையும் அறியாது வெளியேற்றிவிட்டாள்.

மறுநாள் திருப்பலியில் பாடலை அவளே தொடங்கினாள். அச்சொல் நெருங்கியதும் இதழ்களை மூடிக்கொண்டாள். ஒரு நொடி வெறுமை. பின்னர் ஜெயசீலியும், அன்னையோடு பல்லாண்டு தோளுரசி நின்று பாடிய பெண்டிரும், ‘தொமீனா’ என்று ஒருங்கே எடுத்து, பிழையைப் பற்றிச் சிறிதும் எண்ணாமல், நீட்டினர், நீட்டிக்கொண்டே சென்றனர். அந்நெடிலுக்குள் தாயின் குரல் மூச்சோடும் குழைவோடும் மீண்டெழக் கேட்டு, பாடாமலே நின்றாள் மகள்.

கல்வி நமக்குப் பலவற்றைத் தருகையில், சிலவற்றைக் கேளாமலே எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு இழந்ததை, அக்கல்வி எட்டாத எளிய மாந்தர் சிலர், தம் தொண்டைக்குள் நமக்காகக் காத்துவைத்திருக்கின்றனர்.