மூன்று குருவி

இசைத்தட்டுப் போடுகிறவனுக்குக் கொடுத்தது போக, கிறிஸ்மஸ் நடனத்தின் அலங்காரத்துக்கு எஞ்சிய காசு ஒரு பை பலூனுக்குத்தான் காணும். லண்டன் ஹரோவில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரே மண்டபம். உடற்பயிற்சியும் அங்கேதான், மதியச் சாப்பாடும் அங்கேதான். சுவரில் ஏறு கயிறுகள். காற்றில் அவித்த முட்டைக்கோவா நாற்றம்.

குழுத் தலைவி டிரேசி கையை விரித்துவிட்டாள்.

"என்னிடம் விடு," என்றாள் சிவகௌரி.

பள்ளியில் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவள் கூட்டத்தில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இது பிழையாய்ப் போனால் இனி வாய் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்துக் கணினி அச்சடித்துத் தள்ளும் தாளைக் குப்பையில் போடுவார்கள். ஓரமெல்லாம் துளை, வெள்ளையில் வெளிர்பச்சைக் கோடு, முடிவில்லாத நீளம். அதைக் கேட்டு வாங்கினாள். குருத்தோலையைப் போல வார்ந்து, மடித்து, ஒவ்வொரு தோரணத்திலும் குருவி வைத்து, நூலில் கட்டினாள். மண்டபம் முழுவதையும் நிரப்பத் தாள் போதாது. ஆகவே ஆடும் நடுவிடத்துக்கு மேலே மட்டும், தாழ்வாக, நெருக்கமாகக் கட்டினாள். நாடக அறையின் சிவப்பு விளக்குகளைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பினாள். மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்தாள். கயிறுகள் மறைந்தன. சுவர் மறைந்தது. காகிதக் குருவிகள் மட்டும் சிவந்து அசைந்தன.

டிரேசி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அவளுடைய உச்சப் பாராட்டு அது.

ஆய்வுகூட உதவியாளர் தியாகராஜா வயர்ச் சுருளோடு வந்தார். அங்கே வேலை செய்த ஒரே தமிழர். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றார்.

"பிள்ளை, ஆர் செத்தது?"

"என்ன அங்கிள்?"

"உது செத்த வீட்டுத் தோரணம். மூண்டு குருவி வைச்சிருக்கிறாய். நல்ல காரியத்துக்கு நாலெல்லே வைக்கிறது. தெரியாதே?"

தெரியாது. சிவகௌரி நிமிர்ந்து எண்ணினாள். மூன்று. எல்லாவற்றிலும் மூன்று.

"கழட்டு, கழட்டு. பிள்ளையள் ஆடுற இடம்."

"கழட்டினால் கட்டுறதுக்கு வேறை ஒண்டும் இல்லை அங்கிள்."

"பலூன் இருக்குத்தானே?"

அவள் அசையவில்லை. அவர் அலுவலகத்துக்குப் போய் அவளுடைய தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

யோகலிங்கம் பெற்றோல் ஸ்ரேஷன் சட்டையோடு வந்தார். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தவர். ஊரில் சண்டைக்குள் நின்ற மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பிக்கத் தொண்ணூறாகிவிட்டது. மேலே பார்த்ததும் முகம் கறுத்தது.

"அறிவிருக்கே உனக்கு? கழட்டு."

"மாட்டன்."

தியாகராஜா செருமினார். "வெள்ளைப் பிள்ளையளுக்கு விளங்காது எண்டு வையுங்கோவன். எங்களுக்கு விளங்குமெல்லே, அண்ணை."

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் மேலை பாக்காதேங்கோ," என்றாள் சிவகௌரி.

"வாய் நல்லா நீளுது," என்றார் யோகலிங்கம். "ஆர் உனக்கு இப்பிடி மடிக்கக் காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் காட்டேல்லை. ஊரிலை எங்கட ஒழுங்கையிலை செய்து செய்து பழகினது. இராஜேந்திரன் அண்ணைக்கு மடிச்சனான். பால்காரருக்கு மடிச்சனான். கலாவதி ரீச்சருக்கும் அவவின்ரை மகனுக்கும் ஒரே நாளிலை மடிச்சனான். நாலு குருவி வைக்கிற மாதிரி அங்கை ஒண்டும் நடக்கேல்லை அப்பா. உங்களுக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் இஞ்சை இருந்தீங்கள்."

யோகலிங்கத்தின் குரல் சிறிதாகிவிட்டது.

"அதுதான் கேக்கிறன். உதுக்குக் கீழை நிண்டு ஆடுறதே?"

"ஓம். உதுக்குக் கீழை நிண்டு அழுதது காணும்."

ஏதாவது பிரச்சினையா என்று டிரேசி ஆங்கிலத்தில் கேட்டாள். பிரச்சினை இல்லை, வாசலுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது, ஏணியைப் பிடி என்றாள் சிவகௌரி. ஏறிக் கட்டினாள். உள்ளே வருகிறவர்கள் தலையில் முட்டும்படி தாழ்த்திக் கட்டினாள்.

"அலங்கரிச்சுப்போட்டு வாறன் எண்டுதானே வந்தனீ," என்றார் யோகலிங்கம் கீழே நின்று. "ஆடுறதுக்கு நிக்கிறதெண்டு ஆர் சொன்னது?"

"இப்ப சொல்லுறன். நிக்கிறன்."

வெளியே போக அந்த வாசல் ஒன்றுதான். தோரணம் படாமல் நன்றாகக் குனிந்து போனார். தியாகராஜா வயரைச் செருகிவிட்டு, அவரும் குனிந்து போனார்.

பாட்டுத் தொடங்கியது. பிள்ளைகள் வந்தார்கள். நெடிய பையன்கள் குருவிகளில் முட்டிச் சிரித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பாவின் கார் நின்றது. அது போய்விட்டதா என்று சிவகௌரி திரும்பிப் பார்க்கவில்லை. நடுவிடத்துக்குப் போனாள். அவள் ஒருநாளும் ஆடியதில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆடினாள்.