இடது காதில் சொன்னது

அம்சவல்லிக்கு மகள் மேல் மூன்று நாளாகக் கோபம். பதினோரு மாதம் கழித்து லீவில் வந்திருக்கிற பெண் மேல் எந்தத் தாயாவது கோபப்படுவாளா என்று கேட்டால், அம்சவல்லி படுவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியிலிருந்து, "மோகனா, தோசை ஆறுது" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மோகனப்பிரியா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. திங்கட்கிழமை கடைத்தெருவில் மகளை ஒட்டி நடந்துகொண்டே, கத்தரிக்காய் வாங்கலாமா என்று கேட்டாள். பதில் இல்லை. கூட வந்த, கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கிற சொர்ணாம்பாள் சும்மா இருப்பாளா?

"ஆபீசரம்மா ஆயிட்டா இல்ல? நம்மகிட்டல்லாம் பேசுவாளா?"

சொர்ணாம்பாள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. மோகனப்பிரியா ராணுவத்தில் லெப்டினன்ட். அதுவும் பீரங்கிப் படையில். அந்தப் படையில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. பயிற்சி முடிந்து அவள் தோளில் நட்சத்திரம் ஏறிய வாரம், அப்பா கலியமூர்த்தி பாலக்கரையில் பத்தடிக்கு பேனர் வைத்தார். லெப்டினன்ட் என்றால் யாருக்குப் புரியும் என்று, அவராகவே 'மேஜர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார். மகள் போனில் போட்ட சத்தத்தில் மறுநாளே அதைச் சுருட்டினார். இப்போது அது அவருடைய லோடு ஆட்டோவுக்குத் தார்ப்பாய். மழை பெய்தால் மேஜர் மோகனப்பிரியாதான் நனைகிறாள்.

அம்சவல்லிக்கும் பெருமை உண்டு. பெருமையைவிட பயம் ஒரு பங்கு கூட. டிவியில் எல்லைச் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாமல் தானே திருப்பி வைப்பாள். இப்படியெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவளை, வந்த பெண் ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்றுதான் ஆற்றாமை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் டிபன் பாக்ஸை எடுத்தபோது, "நானும் வரேம்மா, வூட்டுல போரடிக்குது" என்று மகளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அம்சவல்லி வேலை பார்க்கிற செராமிக் கம்பெனியில் மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர்கள் தயாராகின்றன. சூளையில் வெந்து வருகிறவற்றை ஒவ்வொன்றாகச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தரம் பிரிப்பது அவள் வேலை. கணீரென்றால் நல்லது. சத்தம் அடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே விரிசல். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அது வேஸ்ட். இருபத்திரண்டு வருடமாக அவள் தட்டி அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளைவிடக் கூரான காது மோகனாவுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்காகக் காத்திருக்கிற நேரத்தில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது வேஸ்ட்டும்மா" என்பாள். தப்பியதே கிடையாது.

இன்றைக்கும் மோகனா ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சுத்தியை எடுத்தாள். அவளுக்கு வலப்பக்கம் மண் அரைக்கிற மெஷின் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. இடது கையில் இன்சுலேட்டரைப் பிடித்துத் தட்டினாள். இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவது 'டொக்' என்றது. மோகனா அதையும் நல்ல பெட்டியில் வைத்தாள்.

விளையாடுகிறாளாக்கும் என்று அம்சவல்லி சிரிக்கக் காத்திருந்தாள். மகள் அடுத்ததை எடுத்தாள். அதுவும் 'டொக்'. அதுவும் நல்ல பெட்டிக்குப் போயிற்று. எதிரே இருந்த சொர்ணாம்பாள் வாயைத் திறந்தாள். அம்சவல்லி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல அம்சவல்லி எழுந்தாள். மகளுக்குப் பின்னால் நின்று, நல்ல இன்சுலேட்டர் ஒன்றை அவள் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தட்டினாள். கணீரென்றது. மோகனா அசையவில்லை. வலது காதுப் பக்கம் தட்டினாள்.

"என்னம்மா?" என்று உடனே திரும்பினாள் மகள்.

"ஒன்னுமில்ல. நீ வேலையப் பாரு."

மூன்று நாள் கோபம் போன இடம் தெரியவில்லை. காது கேளாத பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாளே. மகள் நிரப்பிய நல்ல பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் தட்டினாள். கண்ணில் நீர் முட்டியதை சூளைப் புழுதி மேல் பழியாகப் போட்டுவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் மகளை வெளியே குழாயடிப் பக்கம் கூட்டிப்போய், அவளுக்கு வலப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்துடி?"

"என்னாது?"

"எடது காது."

மோகனா டிபன் பாக்ஸைத் திறந்து, திரும்ப மூடினாள். "யாரு சொன்னா?"

"இன்சுலேட்டரு சொல்லிச்சு."

மறைக்க வழியில்லை என்று தெரிந்ததும் சொல்லிவிட்டாள். நாலு மாதம் முன்பு ராஜஸ்தான் மணல்காட்டில் பீரங்கிப் பயிற்சி. ஒயர்லெஸ்ஸில் வந்த பேச்சு தெளிவாக இல்லையென்று காதடைப்பை ஒரு பக்கம் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பீரங்கி முழங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காதில் கொய்யென்று ஒரே இரைச்சல். பேச்சு எதுவும் ஏறுவதில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"இல்ல. காட்டுனா பீரங்கிகிட்ட நிக்க வுடமாட்டாங்க. ஆபீஸ்ல ஒக்கார வெச்சிருவாங்க. அதுகூட பரவால்லம்மா. பொம்பளைய கொண்டாந்து நிறுத்துனா இப்பிடித்தான்னு ஒரு பேச்சு வரும். எனக்குப் பின்னால வர்ற பொண்ணுங்களுக்கும் சேத்துதான் அந்தப் பேச்சு."

"ஆம்பளைக்குக் காது போனா?"

"காது போச்சுன்னுவாங்க. அவ்ளோதான்."

ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அம்சவல்லியின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. பொய் சொல்வானேன். பெண் ஃபேனுக்கடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. அந்த ஒரு நொடியை மகளும் பார்த்துவிட்டாள்.

"ஒனக்கு சந்தோசமா இருக்குது, இல்ல?"

"இருக்குது. பெத்தவளுக்கு இருக்காதா? அதுக்காவ கேக்கல. அந்த ஒயர்லெஸ்ஸுல ஒனக்கு என்னா சொல்லுவாங்க?"

"குண்டு எங்க விழணும்னு. எல்லாம் நம்பருதான். அதை வெச்சி நான் பீரங்கிக்காரங்களுக்கு ஆர்டர் குடுக்கணும்."

"ஒரு நம்பரு மாறிப் போச்சுன்னா?"

மோகனா குழாயில் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆளுங்களே முன்னால இருப்பாங்கம்மா" என்றாள், கடைசியில். "அப்ப நான் வேஸ்ட்டா?"

"அறைஞ்சேன்னா பாரு. அது மண்ணு, போனா போவுது. நீ எம் பொண்ணுடி. வைத்தியம் பாரு, சரியாவும். ஆவலன்னா ஒத்தக் காதோட இருந்துட்டுப் போ. கேக்குற மாதிரி மட்டும் நடிக்காத." அம்சவல்லி குழம்புச் சோற்றைப் பிசைந்து உருட்டினாள். "வாயத் தொற."

ராணுவ அதிகாரி வாயைத் திறந்தாள். நாலு கவளம் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் முகம் கழுவிக்கொண்டு கம்பெனி கேட் பக்கம் போய், போனை வலது காதில் வைத்து, விறைப்பாக நின்றபடியே இங்கிலீஷில் பத்து நிமிடம் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்க சி.ஓ., படைக்கே பெரிய ஆபீசரு, நாளான்னிக்கே மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பச் சொல்லிட்டாரு. சரியாவலாம், ஆவாமலும் போவலாமாம். பீரங்கிக்குத் திரும்பறது அதுக்கப்பறம்தான். நாலு மாசமா ஏன் மறைச்சேன்னு காது கிழியத் திட்டுனாரு."

"எந்தக் காதுல?"

"நல்ல காதுலதாம்மா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்த மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அம்சவல்லி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை காலை கலியமூர்த்தி லோடு ஆட்டோவில்தான் ஜங்ஷனுக்குக் கூட்டிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடைக்குப் போய் இரண்டு கிலோ முறுக்கு மட்டும் வாங்கியிருந்தார். சென்னை ரயில் வரப்போகிறது என்றதும், தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

அம்சவல்லி மகளின் இடப்பக்கம் நின்றாள். ரயில் தூரத்தில் ஹாரன் அடித்தது. அவள் மகளின் கழுத்தை வளைத்து, அந்தக் காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"போவாதடி. எங்கூடவே இருந்துடு. எனக்கு பயமா இருக்குது."

மூச்சுக்காற்று பட்டதும் மோகனா திரும்பினாள். "என்னம்மா சொன்ன? அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் அம்சவல்லி.

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். அம்சவல்லி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் சுற்றி வந்தாள். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "நல்லபடியா போயிட்டு வா" என்றாள்.