டூல்பாக்ஸில் ஒரு வான்கோழிக் கால்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டு அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் மசாலா பூசிய வான்கோழித் துண்டுகள் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். மற்றதில் அதே வான்கோழியின் நெஞ்சுக்கறி, உப்பு உறைப்பு எதுவுமில்லாமல் வெறும் தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும். முதலாவது வீட்டுக்கு. இரண்டாவது வீட்டுக்காரருக்கு.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன்பு பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி அனுப்பிய டாக்டர், "எண்ணெய், உப்பெல்லாம் குறைங்க. வான்கோழி சாப்பிடலாம், தோலை எடுத்துடுங்க, பொரிக்காதீங்க" என்றார். குறைக்கச் சொன்னதை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள் மனைவி. தையற்காரி அவள், அளவெடுத்தால் அரை அங்குலம் பிசகாது. கணவர் உயிர் என்று வந்ததும் பயத்தில் அளவெல்லாம் மறந்துபோயிற்று.

அவருக்கென்று ஒரு மஞ்சள் தட்டு வாங்கினாள். மற்றவர்கள் தின்பதைப் பார்த்து ஏங்கக் கூடாதே என்று, கூடத்தில் தனியாக உட்காரவைத்து முதலிலேயே பரிமாறிவிடுவாள். பிறகு அவளும் கல்லூரியில் படிக்கும் மகளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். வாசனை கதவுக்குக் கட்டுப்படுமா? மனிதர் சுவரைப் பார்த்தபடி வெளுத்த கறியை மென்றுகொண்டிருப்பார். சிறையில்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடுவான்.

மறுபரிசோதனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரை போட்டும் கொழுப்பு குறையலையே. இன்னும் மூணு மாசம் பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா மோட்டார் ரூமை மறந்துடுங்க."

நெஞ்சுவலிக்குப் பிறகு மேலே ஏற விடாமல், தரைத்தளத்தில் லிஃப்ட் கதவையும் பொத்தானையும் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அது இடி. மனைவிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. வெந்நீர்க் கறியில் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

அடுத்த ஞாயிறு பதில் கிடைத்தது. தையல் மெஷினில் ஒரு திருகு ஆடியது. கூடத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், அவளே அவருடைய டூல்பாக்ஸைத் திறந்தாள். ஸ்பானருக்கும் டெஸ்டருக்கும் நடுவே, நீலக்கோடு போட்ட தாளில், பொரித்த வான்கோழிக் கால் ஒன்று. ஒரு கடி குறைந்திருந்தது.

அதை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது எந்த லிஃப்டோட பார்ட்டுங்க?"

அந்த நேரம் பார்த்து, கறிக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் வழக்கம்போல வரும் வாரத்துக்கான வான்கோழியோடு உள்ளே நுழைந்தார். கையிலிருந்த பொட்டலத்திலும் அதே நீலக்கோட்டுத் தாள். தங்கை தாளைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்ள முகத்தப் பாத்தா மனசு கேக்கலம்மா," என்றார் அண்ணன். "வாரத்துல ரெண்டு தடவ கடையில பொரிச்சுக் குடுத்தேன்."

"அவரு உசுரோட வெளையாடியிருக்கியேண்ணா."

"மச்சானத் திட்டாத. நான்தான் கேட்டு வாங்கினேன்," என்றார் மெக்கானிக். "அங்க அவரு எம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறாரு. இங்க வார்டுல கெடக்குற மாதிரி இருக்கு. நீ சமைக்கிறியே, ஒரு வாய் தின்னு பாத்திருக்கியா இத?"

பார்த்ததில்லை. மூன்று மாதமாகச் சமைத்தவள் ஒருநாளும் அதை ருசி பார்த்ததில்லை. மஞ்சள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். தண்ணீர் குடித்துத்தான் விழுங்க முடிந்தது. கண் கலங்கிவிட்டது.

"இதயா மூணு மாசமா வாயத் தெறக்காம சாப்பிட்டீங்க?"

"வாயத் தெறந்தாத்தான உள்ள போகும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மகள்தான் முதலில் சிரித்தாள். அவளே உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

அன்று முதல் ஒரே சமையல். அண்ணன் தோலை உரித்து, நெஞ்சுக்கறியை மெல்லிய தகடாக அரிந்து கொடுத்தார். அதைத் தயிர், பூண்டு, மிளகில் ஊறவைத்து, ஒரே கரண்டி எண்ணெயில் வாட்டினாள் தையற்காரி. எலுமிச்சை பிழிந்ததில் உப்பு குறைந்ததே தெரியவில்லை. தொடைக்கறியைக் கொத்தி, கேரட்டும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி ஆவியில் வைத்தாள். எலும்பை வேகவைத்து ஆறவிட்டு, மேலே ஆடைகட்டிய கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு சூப் ஆக்கினாள். மகள் ஒருநாள் ஆரஞ்சுச் சாற்றில் கறியை வேகவைக்கிறேன் என்று கிளம்பி, பாகாகக் காய்ச்சிவிட்டாள்.

"இது கறியா, ஜாமா?" என்று கேட்ட கறிக்கடை மாமா இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் பொரித்த தோலுக்காக அதிகம் முனகியவரும் அவர்தான்.

எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் தட்டு நடுவில் எலும்பு போடும் தட்டானது. டூல்பாக்ஸில் ஸ்பானர் மட்டும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு, மாடி ஏறலாம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

"கடுமையான பத்தியமா இருந்திருப்பீங்க போல," என்றார் டாக்டர்.

"பத்தியத்த விட்டதுலதான் சார் குறைஞ்சுது," என்றார் மெக்கானிக்.

டாக்டர் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"மாத்திரை மட்டும்தான் அவருக்குத் தனி, டாக்டர். சாப்பாடு இப்ப வீட்டுக்கே ஒண்ணுதான்," என்றாள் அவள். "எங்கண்ணனுக்கும் பிரஷர் இருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. நோய் வந்தவரத் தனியா உக்கார வெச்சுட்டு, அவருக்கு ஆகாததையெல்லாம் நாங்க கதவ மூடிக்கிட்டுத் தின்னோம். அவருக்குக் கெடுதல்னா அது நமக்கு மட்டும் எப்படி நல்லதாகும்னு யாருமே யோசிக்கல."